ஹஃப்சர்க்கிள்ஸ்: மையம் துல்லியம், ஆரம் ஐயம்

மேசைமேல் பரப்பிய நாணயங்களைப் படமெடுத்து, அவற்றின் மொத்த மதிப்பைக் கணினியே கூட்டிச் சொல்லும்படி ஒரு சிறு நிரல் எழுத முற்பட்டபோது, படங்களைக் கணினி ஆராய உதவும் ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்திலுள்ள ஹஃப்சர்க்கிள்ஸ் என்னும் வட்டம் காணும் செயற்கூற்றைச் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினேன். இலவசமாகக் கிடைப்பது, பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் அழைக்கக்கூடியது, சாதாரண மடிக்கணினியிலும் விரைந்து ஓடுவது என்பதால் பலரும் முதலில் நாடுவது இதைத்தான். நாடுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

இதன் வேர் பழையது. குமிழி அறை (துகள் செல்லும் பாதையில் குமிழிகள் எழும் இயற்பியல் கருவி) நிழற்படங்களில் அணுத்துகள்கள் விட்டுச்சென்ற தடங்களைத் தானாகக் கண்டறிய பால் ஹஃப் 1962-இல் காப்புரிமை பெற்ற முறையை, டூடாவும் ஹார்ட்டும் 1972-இல் இன்று நாம் அறிந்த வடிவுக்குக் கொண்டுவந்து, வளைகோடுகளுக்கும் விரித்தார்கள். அடிப்படை எண்ணம் வாக்கெடுப்புதான்: படத்திலுள்ள ஒவ்வொரு விளிம்புப் புள்ளியும் தன் வட்டத்தின் மையம் இருக்கக்கூடிய இடங்களுக்கெல்லாம் வாக்களிக்கிறது; வாக்குகள் குவியும் இடம் மையம். மையத்துக்கு இரண்டு எண்கள், ஆரத்துக்கு ஒன்று என மூன்றையும் ஒருசேரத் தேடினால், 1000-க்கு 1000 பிக்சல் படத்தில் 100 ஆரங்களுக்கு 10 கோடிக் கட்டங்கள் கொண்ட அட்டவணை வேண்டும். ஓப்பன்சிவி இதைத் தவிர்க்கிறது. விளிம்பில் ஒளி எந்தத் திசையில் மாறுகிறதோ அந்தக் கோட்டின் வழியே மட்டும் வாக்குகளை இட்டு முதலில் மையத்தைக் கண்டுபிடித்துவிட்டு, ஆரத்தைப் பிறகு தனியே கணக்கிடுகிறது. அட்டவணை 10 லட்சம் கட்டங்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. மையங்களை நன்றாகவே கண்டுபிடிக்கும், ஆரம் தவறக்கூடும் என்று நூலகத்தின் ஆவணமே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. என் வேலைக்கோ ஆரம்தான் உயிர். 5 ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், 10 ரூபாய்க்கு 27. ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல் வரும்படி எடுத்த படத்தில் இரண்டின் ஆரங்களும் 50, 54 பிக்சல்களாக அமையும். அந்த 4 பிக்சல் பிசகினால் ஐந்து பத்தாகிவிடும். போதாக்குறைக்கு, 10 ரூபாய் நாணயம் இரு உலோகங்களால் ஆனது. வெளி வளையமும் உள்வட்டும் சந்திக்கும் கோடும் ஒரு முழு வட்டம்தான். இரண்டுக்கும் மையம் ஒன்றே. ஒரு மையத்துக்கு ஓர் ஆரம் என்று தேர்ந்தெடுக்கும் முறைக்கு இது உண்மையான சோதனை. தேட வேண்டிய சிறும ஆரத்தை உள்வட்டின் ஆரத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும். ஆனால் அந்த அளவு நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கொடுக்க வேண்டிய மதிப்புகளில் எல்லாவற்றுக்கும் ஒரே கவனம் தேவையில்லை. உள்ளிடும் படம் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். உலோகத்தின் பளபளப்பால் எழும் பொய்யான புள்ளிகளை அடக்க, அதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளின் இடைநிலை மதிப்பால் மாற்றும் மீடியன் வடிகட்டியைப் பயன்படுத்துவது நல்லது. மையங்களுக்கிடையிலான குறைந்தபட்சத் தொலைவைச் சிறிதாக வைத்தால் ஒரே நாணயத்தின்மேல் பல வட்டங்கள் விழும், பெரிதாக வைத்தால் அடுத்திருப்பது விடுபடும். பெரும ஆரத்தைக் குறிப்பிடாமல் விட்டால் படத்தின் நீள அகலங்களில் பெரியதையே எல்லையாக எடுத்துக்கொள்ளும். இதை நான் மறந்த அன்று, மேசை முழுவதையும் வளைத்து ஒரு வட்டம் வந்து நின்றது; பிழை என்னுடையது. வட்டமே அகப்படாவிட்டால் பைத்தானில் வெற்றுப் பட்டியலுக்குப் பதிலாக ஒன்றுமில்லை என்று பொருள்படும் ‘நன்’ (None) என்ற மதிப்பு திரும்பும் என்பதையும் நினைவில் வைத்து நிரல் எழுத வேண்டும்.

4-ஆம் பதிப்புத் தொடரில் சேர்க்கப்பட்ட ‘கிரேடியன்ட் ஆல்ட்’ என்ற மாற்று முறையையே நான் பரிந்துரைப்பேன். பழைய முறையில் வட்டமாக ஏற்கத் தேவையான குறைந்தபட்ச வாக்குகளின் அளவை, அதாவது வாசலெண்ணை, 100, 60, 30 என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்; இது படத்துக்குப் படம் மாறும் சலிப்பான வேலை. புதிய முறை அந்த இடத்தில், வட்டம் எவ்வளவு செம்மையாக இருக்க வேண்டும் என்பதை 1-க்குள் ஒரு பின்னமாகக் கேட்கிறது. 0.9 பெரும்பாலும் போதும். சிறு வட்டங்களுக்கு 0.85 அல்லது 0.8. ஆரக் கணிப்பும் இதில் மேம்பட்டது.

பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் ‘ஐஎம்ஃபைண்ட்சர்க்கிள்ஸ்’ இருக்கிறது. அதன் இயல்பான முறை அழகானது: ஒவ்வொரு ஆரத்துக்கும் ஒரு கோணம் ஒதுக்கி, வாக்குகளை அளவோடு கோணமும் கொண்ட சிக்கலெண்களாக இடுகிறது. உண்மை மையத்தில் எல்லா வாக்குகளும் ஒரே கோணத்தில் சேர்ந்து அலைபோல் உயர்கின்றன. மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உயரம் மையத்தைச் சொல்கிறது, கோணம் ஆரத்தைச் சொல்கிறது. சமிக்ஞைச் செயலாக்கம் படித்தவருக்கு இதைப் பார்த்தால் மனம் நிறையும். எனினும் நாணயம் எண்ணுவதற்காக அதன் உரிமத்தை வாங்க நான் சொல்லமாட்டேன்.

20 ரூபாய் நாணயத்தை இந்தக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டாம். அதற்கு 12 பக்கங்கள். பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து எழும் கோடு மட்டுமே மையத்தைத் தொடும், முனையை ஒட்டியவை 54 பிக்சல் ஆரத்தில் ஏறத்தாழ 14 பிக்சல் வரை விலகிச் செல்லும். கூர்முனையாக எழ வேண்டிய வாக்குக் குவியல் தட்டையான மேடாகிவிடும். அந்த ஒரு நாணயத்துக்கு மட்டும் அதே நூலகத்தின் உருவரை (பொருளின் வெளிக்கோடு) காணும் செயற்கூற்றை அழைத்து, முனைகளை எண்ணிக்கொள்கிறேன்.