கைமணியை மறந்த பேய்ப்படம்

கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மூதாட்டி, அவரை இரவுகளில் கவனித்துக்கொள்ள வந்திருக்கும் ஓர் இளம் செவிலிப்பெண், கட்டிலை ஒட்டிய சிறு மேசையின் மேல் ஒரு பித்தளைக் கைமணி. செவிலிப்பெண் சமையலறையில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது அந்த மணி ஒலிக்கிறது. “இதோ வந்துட்டேன்மா” என்று குரல் கொடுத்தபடியே அவள் கூடத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், அந்த அம்மாவால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது என்பது அவளுக்கு நினைவுக்கு வருகிறது. நமக்கும் அதே நொடியில்தான் நினைவுக்கு வருகிறது. பின்னணி இசை இல்லை, கேமராவும் அசையவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மணி இன்னொரு முறை, இப்போது சற்றே பொறுமையிழந்ததுபோல, ஒலிக்கிறது.

சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டு அண்மையில் வெளிவந்த ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சிகளில் ஒன்று இது. கடந்த சில ஆண்டுகளில் நான் பார்த்த பேய்ப்படக் காட்சிகளில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. ஆனாலும் படம் முடிந்து விளக்கு எரிந்தபோது திரையரங்கில் இருந்தவர்களின் முகங்களில் ஏமாற்றமே தெரிந்தது. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். பெரும்பாலும் புதியவர்களின் உழைப்பில் உருவான முதல் முயற்சி என்பதால் படத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டே எழுதுகிறேன். திரையரங்கில் ஒருமுறையும், இணையத் தளத்தில் வெளியான பிறகு வீட்டில் ஒருமுறையும் பார்த்துவிட்டேன். ஏமாற்றத்துக்கான காரணம் படத்தின் முடிவுவரை நீள்வதால், முடிவைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

“இந்தக் காசுக்கு இவ்வளவுதான் எடுக்க முடியும்” என்று சிலர் இந்தப் படத்துக்காகப் பரிந்து பேசுவதைக் கேட்டேன். நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டாலும் அது சரியான வாதம் அன்று. திரைப்பட வகைகளிலேயே பணமில்லாமையைப் பலமாக மாற்றிக்கொள்ள அதிகம் இடம் தருவது திகில் படம்தான். 2009-இல் பரவலாகத் திரைக்கு வந்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில், இயக்குநரின் சொந்த வீட்டிலேயே, ஒரு வாரம்போல நடந்த படப்பிடிப்பில் உருவானது. முக்காலியில் நிறுத்திய கேமரா ஒன்று இரவு முழுவதும் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருக்க, கதவு தானாகச் சற்றே அசைவதும், தரையில் தூவிய பொடியில் காலடித் தடம் பதிவதும் அந்தப் படத்துக்குப் போதுமானவையாக இருந்தன. காட்டுவதற்குப் பணம் இல்லாதவர்கள் காட்டாமல் விடுவதைக் கலையாக்கிக்கொள்ளும் வழக்கம் இந்த வகைக்குப் புதிதும் அன்று. 1942-இல் வெளியான ‘கேட் பீப்பிள்’ படத்திலேயே, சிறுத்தை பெரும்பாலும் நிழலாகவும் உறுமலாகவுமே பார்வையாளரை வதைத்தது.

நாம் பேசும் படமும் முதல் 35 நிமிடங்கள் அந்த வழியில்தான் போகிறது. அதுவும் நல்ல தெளிவோடு போகிறது. மணிக்கு ஒரு விதி இருக்கிறது. செவிலிப்பெண் அறையில் இருக்கும்வரை அது ஒலிப்பதில்லை. அவள் வெளியே போனால்தான் ஒலிக்கிறது. முதல் இரவில் ஒருமுறை, இரண்டாம் இரவில் இருமுறை, மூன்றாம் இரவில் அவள் அறைக்குள்ளேயே நாற்காலியில் அமர்ந்து கண்ணயர்ந்த நேரத்தில். இதில் எதையும் யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. நாமே எண்ணிக்கொள்கிறோம், நாமே அஞ்சத் தொடங்குகிறோம். நான்காம் இரவில் அவள் மணியை எடுத்து உள்ளிருக்கும் நாக்கைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். அந்தச் செயலைப் பார்த்ததும் திரையரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்ததை நான் கேட்டேன். இனி ஒலிக்க வழியே இல்லாத மணி எப்போது ஒலிக்கப்போகிறது என்ற கேள்வியோடு இருநூறு பேர் ஒரே நேரத்தில் காத்திருந்தோம்.

மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளர் முன்கூட்டியே அறிந்திருந்தால், மேசையைச் சுற்றி நடக்கும் வெறும் உரையாடல்கூடத் தவிப்பாக மாறிவிடும் என்று ஹிட்ச்காக் விளக்கியது திரைப்படம் பயில்வோர் எல்லோரும் அறிந்ததே. இந்தப் படத்தின் குண்டு அந்த மணிதான். அதை அவ்வளவு பக்குவமாக மேசைக்கு அடியில் வைத்த இயக்குநர், அதன் பிறகு மேசையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். நாக்கு கழற்றப்பட்ட மணி அதற்குப் பிறகு படத்தில் ஒலிக்கவே இல்லை. இடைவேளையில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “அந்த மணி என்னாச்சு?” என்று கேட்டார். படம் முழுவதையும் பற்றி அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை என்னால் எழுத முடியவில்லை.

மணிக்குப் பதிலாக வருவது கிராஃபிக்ஸில் உருவாக்கிய ஓர் உருவம். சுவரில் ஊர்ந்து, கழுத்தை முழுவட்டமாகத் திருப்பி, வாயை அகலத் திறந்து அலறும் அந்த உருவத்துக்குத் தரையில் நிழல் விழுவதில்லை. அது தொட்டுக்கொண்டு போகும் திரைச்சீலை அசைவதில்லை. அறையில் இருக்கும் ஒற்றை மேசை விளக்கின் மஞ்சள் ஒளி அதன் தோலில் படுவதில்லை. இவையெல்லாம் நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும் குறைகள் என்று நினைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லத் தெரியாவிட்டாலும், அந்த உருவம் அந்த அறையில் இல்லை என்பதை எந்தக் கண்ணும் உடனே கண்டுகொள்கிறது. அது இரண்டாம் முறை தோன்றியபோது அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. கைமணி ஒன்றை வைத்து எங்கள் எல்லோரையும் மூச்சடக்க வைத்தவர்கள், கையிலிருந்த சொற்பப் பணத்தைத் தங்களால் எட்ட முடியாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியை எழுதுவதற்கும், ஒலிக்கும், கூடுதலாக ஒரு வாரம் படத்தொகுப்பு மேசையில் உட்காருவதற்கும் ஒதுக்கியிருக்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு படம் பெரிதும் நம்புவது திடுக்கிடல்களைத்தான். 50 நிமிடங்களுக்குள் 11 இடங்களில் திடீர்ச் சத்தத்தோடு ஏதோ ஒன்று திரைக்குள் பாய்கிறது; இரண்டாம் முறை பார்க்கும்போது எண்ணிக் குறித்துக்கொண்டேன். எதிர்பாராத பெருஞ்சத்தத்துக்கு உடல் திடுக்கிடுவது அனிச்சைச் செயல். மூளை யோசிப்பதற்கு முன்பே கண் இமைத்துத் தோள் சுருங்கிவிடும். ஆகவே பாத்திரம் விழும் சத்தமும் பேய் வரும் சத்தமும் உடலுக்கு ஒன்றுதான். அந்த அனிச்சைக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே தூண்டுதல் மீண்டும் மீண்டும் வந்தால் அது மங்கிவிடும். நான்காம் திடுக்கிடலிலேயே நாங்கள் பழகிவிட்டோம், ஏழாவதில் எரிச்சலடைந்தோம். முன்பு சொன்ன ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் தனியே நடந்துபோகும் பெண்ணுக்குப் பின்னால் கேட்ட காலடிச் சத்தம் நின்று, முழு அமைதி கூடி, அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு பேருந்து சீறி வந்து நிற்கும். பிற்காலத்துத் திடுக்கிடல்கள் பலவற்றுக்கும் தாய் என்று சொல்லப்படும் காட்சி அது. அங்கே பயத்தை வளர்த்தது அதற்கு முன்பு வந்த காலடிகளும் அமைதியும். பேருந்து அதை உடைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் படத்திலோ காலடிகளுமில்லை, அமைதியுமில்லை; பேருந்துகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பார்வையாளர்களின் பொறுமையைப் படம் அதிகம் சோதிப்பது இங்கேதான். ‘ஹாலோவீன்’ படத்தை இசையும் ஒலிவிளைவுகளும் சேர்ப்பதற்கு முன் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குச் சிறிதும் பயம் ஏற்படவில்லை என்றும், அதன் பிறகு இசையால் படத்தைக் காப்பாற்ற முனைந்ததாகவும் அதன் இயக்குநர் ஜான் கார்பென்டரே எழுதியிருக்கிறார். 1978-இல் அவரே அமைத்த அந்த இசை, ஒரு சில பியானோ சுரங்களின் திரும்பத் திரும்ப வரும் ஓட்டம்தான். இந்தப் படத்தின் முதல் பகுதியில் ஒலி அமைத்தவர்களும் அந்த நுட்பத்தை அறிந்தவர்களாகவே தெரிகிறார்கள்: பழைய குளிர்ப்பெட்டியின் உறுமல், மூதாட்டியின் சீரற்ற மூச்சு, மூச்சு ஒரு கணம் நிற்கும்போது அறையில் மிஞ்சும் வெறுமை. இரண்டாம் பகுதியிலோ குரல்கள் பின்னால் பதிவு செய்யப்பட்டவை என்பது உதட்டசைவிலேயே தெரிகிறது. பெரிய வீட்டின் வெற்றுக் கூடத்தில் பேசும்போதும் எதிரொலியற்ற பதிவு அறையின் குரலே கேட்கிறது. வெட்டுக்கு வெட்டு அறையின் இயல்பான பின்னொலி அறுந்து அறுந்து வருகிறது. படப்பிடிப்பின்போது எல்லோரும் வாய் மூடி நிற்க, ஒவ்வொரு அறையின் வெற்றொலியையும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தால் இந்தக் கடைசிக் குறையைச் சரிசெய்திருக்கலாம்; அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. வீட்டில் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. முணுமுணுப்பாக வரும் வசனத்தைக் கேட்க ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தது. அடுத்த நொடியே வரும் அலறலுக்கு அவசரமாகக் குறைக்க வேண்டியிருந்தது. ரிமோட்டைக் கீழே வைக்க முடியாமல் பார்க்கும் படத்தில் யாரும் மனம் தோய முடியாது.

ஒளிப்பதிவில் குறை ஒன்றே: இருட்டுக்கும் ஒன்றுமே தெரியாமைக்கும் உள்ள வேறுபாடு பல காட்சிகளில் காக்கப்படவில்லை. இருட்டைக் காட்டுவதற்கும் வெளிச்சம் வேண்டும்.

திரைக்கதைக்கு வருவோம். வீட்டின் பழைய கதையைச் சொல்வதற்காக இடைவேளைக்குப் பின் வரும் ஃப்ளாஷ்பேக் 22 நிமிடங்கள் நீள்கிறது. சொத்துத் தகராறு, மறைக்கப்பட்ட ஒரு சாவு, சாபம் என்று நாம் ஏற்கெனவே ஊகித்துவிட்ட செய்திகளையே அது மறுபடியும் விரித்துச் சொல்கிறது. அதுவரை செவிலிப்பெண்ணோடு அந்த வீட்டில் அடைபட்டிருந்த நாம், அந்த 22 நிமிடங்களும் வெளியே போய் நிற்கிறோம்; திரும்பி வரும்போது அவளுடைய பயம் நம்மிடம் மிஞ்சியிருப்பதில்லை. காரணம் தெரிந்த பேய் பாதி பேய்தான். கதைக்கு வரலாறு தேவையெனில், சுவரில் மாட்டிய ஒரு புகைப்படத்தையோ, மூதாட்டி கண் இமைத்துச் சொல்லும் ஒரு பதிலையோ வைத்துச் சொல்லியிருக்கலாம். கண் இமைப்பால் ஆம், இல்லை என்று அவர் பதில் சொல்வதைத் தொடக்கத்தில் அவ்வளவு அழகாக நிறுவிவிட்டு, அதையும் மணியைப்போலவே மறந்துவிட்டார்கள்.

முடிவுதான் பார்வையாளர்களை உண்மையாகவே புண்படுத்தியது. நடந்தவை அனைத்தும் செவிலிப்பெண்ணின் மனப்பிறழ்வில் தோன்றியவை என்றும், மணி ஒருபோதும் ஒலிக்கவே இல்லை என்றும் கடைசி ஐந்து நிமிடங்களில் ஒரு மருத்துவர் வந்து விளக்குகிறார். அப்படியானால், மூன்றாம் நாள் அதிகாலையில், அவள் வேலை முடிந்து கிளம்பிப்போன பின், வாசலில் காத்திருந்த கார் ஓட்டுநர் தனியாக நின்று கேட்ட மணி எது? அந்தக் காட்சியில் அவள் இல்லை. அவளுடைய பார்வையிலிருந்தும் அது சொல்லப்படவில்லை. திருப்பம் என்பது, முன்பு பார்த்த காட்சிகளுக்குத் திரும்பிப் போனால் அவை வேறு பொருளில் முன்னைவிடப் பொருத்தமாக அமைய வேண்டும் என்ற உடன்பாடு. இரண்டாம் முறை பார்த்தபோது அந்த உடன்பாட்டை நம்பித்தான் உட்கார்ந்தேன். குறைந்தது மூன்று காட்சிகள் முடிவோடு முரண்பட்டு நின்றன. நம்மைத் தோற்கடிக்கும் திருப்பத்தை நாம் மனமார ரசிப்போம். பொய் சொல்லிவிட்டுப் போகும் திருப்பத்தை யாராலும் ரசிக்க முடியாது. இதோடு, மனநோயைக் கதையின் ஓட்டைகளை அடைக்கும் பொருளாகப் பயன்படுத்துவது இன்னும் எத்தனை படங்களுக்குத் தொடரும் என்ற வேதனையும் எனக்கு உண்டு. அந்த நோயோடு நாள்தோறும் வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அதே அரங்கில் நம்மோடு அமர்ந்திருக்கக்கூடும்.

நடிகர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. செவிலிப்பெண்ணாக நடித்தவர், களைப்பும் கடமையும் பயமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதை மிகைப்படுத்தாமல் காட்டியிருக்கிறார். தலையணையைச் சரிசெய்யும்போதும் மூதாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் அவருடைய கைகளில் அந்தத் தொழில் இருக்கிறது. மூதாட்டியாக நடித்தவருக்குக் கண்களைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை. அந்தக் கண்களில் அன்பா, எச்சரிக்கையா, சூழ்ச்சியா என்பதைக் கடைசிவரை நம்மால் தீர்மானிக்க முடியாதபடி வைத்திருக்கிறார். கிராஃபிக்ஸ் உருவம் சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கும் காட்சிகளில்கூட, கட்டிலில் கிடக்கும் அவருடைய கண்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோன் அணிந்துகொண்டு தொடங்கலாம். செவிலிப்பெண் மணியின் நாக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விளக்கைத் தணித்து, நாற்காலியில் சாய்ந்து உட்காரும்வரை பாருங்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.