ஆறு கோடை, ஆறு கார்த்திகை: ஃபேக்டரி கிட்டாரும் பட்டறைக் கிட்டாரும்

இரண்டு கிட்டாரும் ட்ரெட்நாட் என்கிற பெரிய உடல் அளவு. இரண்டுக்கும் சாலிட் ஸ்ப்ரூஸ் டாப் (ஒட்டுப்பலகை இல்லாத ஊசியிலை மர முன்பலகை), ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) 650 மி.மீ., கம்பி 12 கேஜ் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) ஃபாஸ்பர் பிரான்ஸ். ஒன்று ஃபேக்டரியில் வந்தது: பின்பலகையும் பக்கமும் ஒட்டுப்பலகை, மேலே கெட்டியான பாலியூரித்தேன் பூச்சு, நெக் (கழுத்துக் கட்டை) பசை போட்டு இறக்கியது. இன்னொன்று இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கிற பட்டறையில் சொல்லிச் செய்தது: பின்னும் பக்கமும் தோதகத்தி (ரோஸ்வுட்), அரக்குப் பாலிஷ், நெக் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. பாளையங்கோட்டையில் ஏ.சி. இல்லாத அறை, வாராவாரம் ஆராதனை, இடையிடையே கன்வென்ஷன் கூட்டம். இப்படி ஆறு வருஷம் ஓடியாச்சு. சத்தம் எது நன்றாக இருக்கிறது என்றால் பட்டறைக் கிட்டார்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கம்பி ஏற்றிய முதல் நாள் சத்தத்தை நம்பி இந்த ஊரில் கிட்டார் வாங்கக் கூடாது.

காரணம் ஈரப்பதம். கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 சதவீதம். அறையில் மாட்டிய மீட்டர் சித்திரை மதியத்தில் 35 காட்டும். கார்த்திகை அடைமழையில் 85 காட்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மழையை மலையிலேயே விட்டுவிட்டு வறண்டு இறங்கும் மேல்காற்றுதான் நமக்கு. ஸ்ப்ரூஸ் பலகை நாரின் நீளத்துக்குச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். சுமார் 400 மி.மீ. அகல டாப் இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூடக் கூடிக் குறையும். உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் பிரேஸ் கட்டைகளோ அப்படியே நிற்கும். அதனால், பிரேஸ் ஒட்டிய நாளில் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்ததோ அந்த ஈரத்தில்தான் டாப் தன் சரியான வடிவத்தில் இருக்கும். மற்ற நாளெல்லாம் ஒன்று உப்பும், இல்லை குழியும்.

ஃபேக்டரியில் ஈரம் கட்டுப்படுத்திய அறையில் ஒட்டுகிறார்கள். ஆகவே அந்தக் கிட்டாருக்குக் கோடையில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகையில்தான் தொல்லை. டாப்பில் கம்பி மாட்டும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் டாப் புடைத்து, 12ஆம் ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது) தடித்த ஆறாம் கம்பியின் உயரம் 2.4 மி.மீ.யிலிருந்து 3.1க்குப் போனது. மூன்றாம் வருஷ மழையில் பிரிட்ஜின் பின்னோரம் வாய் பிளந்தது. ஜெராக்ஸ் தாளை அங்கே சொருகிப் பாருங்கள். கால் அங்குலம் உள்ளே போனால் இனி தள்ளிப்போட முடியாது. ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். பிரிட்ஜைக் கழற்றியபோது அடியில் சுற்றிலும் ஒரு வரி அகலத்துக்குப் பூச்சு அப்படியே இருந்தது. பசை மரத்தைப் பிடிக்கவில்லை, பெயின்டைத்தான் பிடித்திருந்தது. வேகமாக ஓடும் லைனில் இது சகஜம். பூச்சைச் சுரண்டி, மரத்துக்கு மரம் ஒட்டி, ஒரு நாள் முழுக்க கிளாம்பில் வைத்தபின் இன்றுவரை அசையவில்லை.

பட்டறைக் கிட்டார் நேர் எதிர். அதன் பிரேஸ் ஐப்பசியில் ஒட்டியது. மரம் தண்ணீர் குடித்து விரிந்திருந்த சமயம். முதல் சித்திரையிலேயே டாப் குழிந்து, ஆக்‌ஷன் (கம்பி உயரம்) 2.3 மி.மீ.யிலிருந்து 1.7க்கு இறங்கி, எங்கும் அழுத்தாத திறந்த கம்பியே கிர்ரென்றது. பிரிட்ஜுக்குக் கீழே நாரோடு ஆறு சென்டிமீட்டர் விரிசல். உள்ளே ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில், 2 மி.மீ. கனத்தில் இரண்டு ஸ்ப்ரூஸ் துண்டுகளை நார் குறுக்கே வரும்படி ஒட்டியதும் நின்றுவிட்டது. நல்ல கைதான், மரமும் நல்ல நேர்வெட்டு மரம். தப்பு மாசத்தில்.

ஃப்ரெட் விஷயத்தில் ஃபேக்டரியை அடித்துக்கொள்ள முடியாது, இதை மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரெட்டின் இடத்துக்குக் கணக்கு உண்டு: ஸ்கேல் நீளம் 650ஐ 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் பள்ளத்தில் படியும் பட்டை) முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ.; மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது 34.43. கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆயிரமாவது நெக்கும் முதல் நெக் மாதிரியே வரும். பட்டறையில் டெம்ப்ளேட் வைத்து வெட்டியதால் ஃப்ரெட் இடமெல்லாம் சரிதான். பிசகியது சாடில், அதாவது பிரிட்ஜில் கம்பிகள் படிந்திருக்கும் மெல்லிய பட்டை. 1 மி.மீ. முன்னே வந்துவிட்டால் 12ஆம் ஃப்ரெட்டில் சுமார் இரண்டரை சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஸ்ருதி ஏறும். இதில் 2 மி.மீ. முன்னால் இருந்தது. தனியாக வாசித்தால் தெரியாது. கீபோர்டோடு சேரும்போது மேல் ஃப்ரெட்டுகளில் பிடிக்கும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) முகம் சுளிக்க வைக்கும். 3 மி.மீ. கனமுள்ள சாடிலின் முகட்டைப் பின்பக்கமாக அரத்தால் தள்ளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மீட்கலாம். அதற்கும் மேல் பிசகு என்றால் பள்ளத்தை அடைத்து வேறு பள்ளம் வெட்டத்தான் வேண்டும். டெலிவரி எடுக்கும்போதே 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டுவிடுங்கள்.

ஃப்ரெட் மட்டம் பார்க்கப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும். அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டின் மேல் கார்டின் விளிம்பை நிறுத்துங்கள். ஆடினால் நடுவில் உள்ளது உயரம். பட்டறை நெக்கில் இப்படி இரண்டு அகப்பட்டன, ஃபேக்டரி நெக்கில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நட் விஷயத்தில் ஃபேக்டரி வேண்டுமென்றே பள்ளத்தை மேலோட்டமாக வெட்டி அனுப்பிவிடும், எவர் கைக்குப் போனாலும் கம்பி கிர்ரென்று இரையக் கூடாதே என்று. எஃப் கார்டில் புதுப் பிள்ளைகள் விரலை உதறுவது பாதி இதனால்தான். மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளிதான் இருக்கணும். பட்டறைக்காரர் வாசிப்பவரின் கையைப் பார்த்தே நட் வெட்டினார், ஆறு வருஷமாக அதைத் தொடவே இல்லை.

நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடை இரண்டிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை திருக வேண்டியிருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), 14ஆம் ஃப்ரெட்டில் விரல். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்று உரசியபடி நுழைந்தால் சரியான வளைவு. ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் வேண்டாம். வைகாசியில் கட்டைவிரலை நெக் ஓரமாக ஓட்டினால் ரம்பப் பல் மாதிரி உரசும். ஃப்ரெட் வளரவில்லை, மரம்தான் சுருங்கியிருக்கிறது. அப்போதே அரத்தை எடுக்காமல், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டியோடு பத்து நாள் மூடி வையுங்கள். அதற்குப் பிறகும் குத்தினால் மட்டும் ராவலாம். மழைக்காலத்தில் அதே டப்பாவில் சிலிக்கா ஜெல்.

ஐந்தாம் வருஷத்தில் இரண்டுக்கும் நெக் சாய்ந்தது. ஃப்ரெட்டுகளின் மேல் நீள ஸ்கேலை வைத்தால் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். இரண்டிலும் அதற்குக் கீழே இடித்தது. பட்டறைக் கிட்டாரில் சவுண்ட் ஹோல் வழியே ஆலன் கீ விட்டு இரண்டு போல்ட்டையும் கழற்றி, நெக்கின் அடிக்கட்டையான ஹீலைத் தாள் கனத்துக்கு இழைத்து மாட்டியாச்சு, அரை நாள் வேலை. ஃபேக்டரிக் கிட்டாரில் ஆவி விட்டுத்தான் இளக்கணும். அதற்குள் பூச்சு வெளுத்துவிடும். கூலியும் கிட்டார் விலையில் பாதிக்கு வரும். சாடிலைத் தேய்த்தே காலம் தள்ளுகிறது. இதை வைத்து ஃபேக்டரி என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் கம்பெனி 1999இலேயே போல்ட்டும் அளவுத் துண்டும் வைத்த நெக் கொண்டுவந்துவிட்டது. வாங்குமுன் உள்ளே செல்போன் டார்ச் அடித்து போல்ட் தெரிகிறதா என்று பாருங்கள்.

பூச்சில் அரக்கு வியர்வைக்குத் தாங்காது, முழங்கை படும் இடம் மங்கிவிட்டது. பஞ்சும் ஸ்பிரிட்டும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் தேற்றிவிடலாம். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் வாசிப்பவர்கள் திறந்த பல்சக்கர ட்யூனர் (கம்பி முறுக்கும் திருகு) உள்ள கிட்டார் வாங்காதீர்கள், உப்புக்காற்று தின்றுவிடும்.

தோதகத்திக்காக மயங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969இல் பிரேசில் மரத்தை விட்டு நம் மலைகளில் வளரும் இந்த மரத்துக்கு மாறியது என்பதெல்லாம் பெருமைதான். ஆனால் நம் வெயிலில் முதலில் பேசுவது பின்பலகை இல்லை, டாப்.

பட்டறையில் சொல்லிச் செய்பவர்கள் மரத்தின் பெயரைக் கேட்பதோடு விடாமல், பிரேஸ் ஒட்டுமுன் டாப்பை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். பிளைவுட் பெட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு, ஒரு ஈரப்பத மீட்டர். மீட்டர் 45 காட்டும் வரை பலகை அதற்குள் கிடக்கணும், எடுத்த கையோடு ஒட்டணும். அந்தப் பெட்டி இருந்தால் ஐப்பசியிலும் ஆர்டர் கொடுக்கலாம். இல்லையென்றால் மாசி வரைக்கும் பொறுங்கள்.