ஜோடி உருவம் வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். விலங்கு உருவப் பொம்மைகள் சேர்க்கும் நம் ஆட்கள், அதிலும் இரண்டு இனங்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்வதைக் காட்டும் ஜோடிகளைத் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஈப்போவில் கடை வைத்திருப்பதாகச் சொல்லி முகநூல் நேரலையில் விற்கும் ஒருவர், 380 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒட்டு வேலையை அனுப்பி வைத்திருக்கிறார்.

விளம்பரப் படம் அவ்வளவு அழகு. ஆப்பிரிக்க எருமையின் முதுகில், அதன் உண்ணியைக் கொத்தித் தின்னும் ஆக்ஸ்பெக்கர் குருவி. கடற்சாமந்திக்குள் கோமாளி மீன். மணல் வளை வாசலில் கோபி மீனும் பிஸ்டல் இறாலும். "எல்லாம் ஜப்பான் சரக்குண்ணே, கையால பெயிண்ட் அடிச்சது" என்றார். இங்குள்ள தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் வைக்கலாம் என்றுதான் வாங்கினேன்.

பார்சலைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. ஆப்பிரிக்க எருமைக்கு இரண்டு கொம்பும் நெற்றியில் சேர்ந்து கவசம் மாதிரி தடித்திருக்கும். வந்ததோ நம்மூர் எருமை, பின்னால் வளைந்த பிறைக் கொம்பு. அதன் மேல் ஒரு சிட்டுக்குருவி, அலகில் மட்டும் சிவப்புப் பெயிண்ட். ஆக்ஸ்பெக்கர் ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் பறவை. நம் பக்கத்து மாட்டோடு திரிவது வெள்ளைக் கொக்கு. செம்பனைத் தோட்டத்தில் மாடு புல்லை மிதிக்கும்போது கிளம்புகிற பூச்சியைப் பிடிக்கக் கூடவே நடக்கும். குருவிக்குப் பதில் ஒரு கொக்கை ஒட்டியிருந்தால்கூட பிள்ளைகளுக்கு உண்மையைக் காட்டியிருக்கலாம்.

எனக்கு மனசு ஆறாதது அந்த இறால் விஷயத்தில்தான். பிஸ்டல் இறாலுக்குப் பார்வை மந்தம். வளை தோண்டுவது, சரிகிற மணலை வெளியே தள்ளுவது எல்லாம் அதன் வேலை. வாசலில் காவல் நிற்பது கோபி. இறால் வெளியே வந்தால் தன் நீண்ட மீசையால் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை உதறும், இறால் சட்டென்று உள்ளே போய்விடும். மீசை மீனைத் தொடுகிற அந்த ஓர் இடத்துக்காகத்தான் அந்த உருவத்தையே வாங்குகிறோம். படத்தில் அது இருந்தது. எனக்கு வந்ததில் மீசையை அடியோடு நறுக்கி, இறாலை மீனுக்கு முதுகு காட்டி ஒட்டியிருந்தார்கள். சூட்டுப் பசை நூல் நூலாகத் தொங்கியது. நகத்தால் நெம்பினேன், இறால் கழன்று கையோடு வந்தது. அதன் வயிற்றில் கம்பெனிப் பெயரை உப்புத்தாளால் தேய்த்து அழித்த தடம்.

படங்களோடு கேட்டேன். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாதுண்ணே" என்று ஒரே வரி பதில், அடுத்து பிளாக். இந்த வரிக்குப் பயந்து யாரும் விட்டுவிடாதீர்கள். பொருள் விற்றவர் சொன்ன விவரப்படி இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் எழுதி ஒட்டும் வாசகம் அந்த உரிமையைப் பறிக்காது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி வேண்டும். பார்சல் மேல் ஒட்டியிருக்கும் அனுப்புநர் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். என் மனுவுக்குக் கைகொடுத்தது அதுதான். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைகிறவன் என்றால் கதை வேறு. உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

இனி வாங்குமுன், உருவத்தைத் திருப்பி அடிப்பக்கத்தையும் இரண்டு விலங்கும் தொடும் இடத்தையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்ததில் இரண்டும் ஒரே வார்ப்பாக இருக்கும், இல்லையென்றால் முளையும் துளையுமாகப் பொருந்தும். பசை பளபளத்தால் வேண்டாம். படத்தை கூகல் லென்ஸில் போட்டும் பாருங்கள். இவர் காட்டிய படம் ஜப்பானிய ஏலப் பக்கம் ஒன்றில் அப்படியே கிடந்தது.

என் மனு விசாரணைக்குக் காத்திருக்கிறது. இதே மூன்று ஜோடியை வேறு யாராவது வாங்கியிருந்தால், பசையைப் பிரிக்காமல் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு எனக்கு அனுப்புங்கள். விசாரணைக்குச் சேர்த்தே கொண்டு போகிறேன்.