குலுக்குவதை நிறுத்திய மூன்று வருஷம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு மச்சானும் நானும் பெயிண்ட்பால் ஆடப் போவோம்; பெயிண்ட் அடைத்த உருண்டைகளால் ஒருவரையொருவர் சுடுகிற ஆட்டம். அவன் கையில் இன்னும் பழைய ஹாப்பர்தான், அதாவது மார்க்கர் என்கிற துப்பாக்கியின் மேலே உருண்டைகளைக் கொட்டி வைக்கும் டப்பா. உருண்டைகள் தம் பாரத்திலேயே இறங்க வேண்டும். உருண்டை துப்பாக்கிக்குள் இறங்கும் கழுத்துக்கு மேலே இரண்டு ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிட்டால், சுடுவதை விட்டுவிட்டு மார்க்கரைக் குலுக்க வேண்டியதுதான். எதிராளிக்குக் கொண்டாட்டம்.

நான் இடைக்காலத்தில், உள்ளே துடுப்பு சுழலும் லோடர் (மோட்டார் வைத்த ஹாப்பர்) ஒன்று வைத்திருந்தேன். கழுத்தில் இன்ஃப்ராரெட் கண் உண்டு; அங்கே உருண்டை இல்லையென்றால் மோட்டார் சுற்றிக் கலைத்துவிடும். அடைப்பு குறைந்தது. ஆனால் இறங்குவது அப்போதும் பாரத்தில்தான். வேகமாகச் சுட்டால், உருண்டை பாதி நுழைந்திருக்கும்போதே, அதைக் குழலுக்குள் தள்ளும் போல்ட் வந்து நறுக்கிவிடும். அப்புறம் குழல் முழுக்கப் பெயிண்ட்.

இப்போதிருப்பது ஸ்பிரிங் வைத்துத் தள்ளுகிற வகை. மோட்டார் அடிச்சக்கரத்தைச் சுற்றும்போதே ஸ்பிரிங்கும் முறுக்கேறி நிற்கும். கழுத்திலுள்ள வரிசை எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால், போல்ட் பின்வாங்கியதும் அடுத்தது உள்ளே போய்விடும். மோட்டார் விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். வினாடிக்கு இத்தனை என்று விளம்பரம் செய்கிறார்கள். என் விரலுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

டர்பன் காற்றுக்கு மட்டும் இதனிடம் மருந்தில்லை. உருண்டையின் தோல் ஜெலட்டின், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு பிப்ரவரியில் திறந்த பையைக் காரிலேயே இரண்டு நாள் மறந்துவிட்டேன். 0.68 அங்குல உருண்டைகள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. லோடருக்கு அது தெரியுமா? தள்ளித் தள்ளி உள்ளேயே உடைத்து வைத்தது. அன்றிலிருந்து பையை இறுக்கிக் கட்டி, வீட்டுக்குள்தான் வைக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ஜூலைக் காலை ஆடியபோது நேர்மாறு: குளிரில் தோல் நொறுங்கியது. ஸ்பிரிங் இறுக்கத்தைக் குறைத்த பிறகுதான் ஆட்டம் சரியாயிற்று.

பேட்டரி சோர்ந்தால் மோட்டாரும் சோரும். லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு இருந்த நாட்களில் சார்ஜ் ஏறியிருக்கும் என்று நம்பிப் போய் ஏமாந்திருக்கிறேன். இப்போது பையில் புது ஆல்கலைன் பேட்டரி ஒரு செட் எப்போதும் இருக்கும்.

மச்சான் அந்தத் துடுப்பு லோடரைக் கேட்கிறான். கொடுக்கலாம். கண்மேல் பெயிண்ட் படிந்தால், கழுத்தில் உருண்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு அது சும்மா நின்றுவிடும். துடைக்கத்தான் அவனுக்குப் பொறுமை வேண்டும்.