லேப்டாப் திரும்பி வந்தது, டிஸ்க் வரவில்லை

போன ஜூலை 12ஆம் தேதி காலை என் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. சார்ஜரைத் தனியாகச் செருகினால் அதன் விளக்கு எரிகிறது. பின்னை லேப்டாப்பில் குத்தியதும் அணைந்துவிடுகிறது. எடுத்தால் எரிகிறது, குத்தினால் அணைகிறது. பத்து தடவை இப்படிச் செய்து பார்த்தேன், பதினோராவது தடவை மனசு மாறும் என்பதுபோல.

நான் இருப்பது குமுளியில், செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். ஏலக்காய்க் கடைகள், மலை விளைபொருள் வாங்கி விற்கும் மலஞ்சரக்குக் கடைகள், இரண்டு லாட்ஜ், ஒரு பேக்கரி என்று 43 பேருக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போடுவது தொழில். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் போட வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர் 1 முடிந்திருந்தது. 20ஆம் தேதி, வரி கட்டிப் போடும் 3பி. நடுவில் எட்டு நாள்.

அன்றே பஸ் பிடித்து இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி, கம்பத்தில் வழக்கமாகப் பார்க்கும் அண்ணனிடம் கொண்டு போனேன். 14 மாதம் முன்பு இதே லேப்டாப்புக்குப் எல்லாம் சேமிக்கும் டிஸ்க்காகப் புது எஸ்.எஸ்.டியும் 16 ஜி.பி. ரேமும் போட்டுக் கொடுத்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் போட்ட பாகத்தின் மேல் மார்க்கரில் மாதம், வருஷம் எழுதுவார். ஸ்க்ரூவின் தலையில் தன் மகளுடைய சிவப்பு நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைப்பார். யாராவது திருகினால் அது உடைந்து தெரியும். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெயின் லைன்ல ஷார்ட் இருக்கு தம்பி. இது சிப் லெவல் வேலை, மதர்போர்டுல இருக்குற பொடிப் பாகத்தை மாத்தணும். அதுக்கு உண்டான மெஷின் என்கிட்ட கிடையாது. மதுரைக்குக் கொண்டு போயிரு."

மதுரைக்குப் போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும். அங்கே கொடுத்துவிட்டு வந்தால் வாங்கப் போக இன்னொரு நாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி போனில் தானாகவே விளம்பரம் வந்து நின்றது. பெங்களூரில் சிப் லெவல் சர்வீஸ், கூரியரில் அனுப்பினால் போதும், பரிசோதனை இலவசம், சரியாகவில்லை என்றால் ஒரு ரூபாயும் வேண்டாம், மூன்று நாளில் திரும்ப வரும்.

போன் போட்டேன். நல்ல தமிழில் ஒரு பையன் பேசினான். இந்த மாதிரி ஷார்ட்டுக்கு 3,500க்குள் முடிந்துவிடும் என்றான். வீட்டுக்கே வந்து எடுத்துப் போவீர்களா என்றேன். "உங்க பின்கோடுக்குப் பிக்கப் இல்ல சார், பக்கத்துல எங்கயாச்சும் போட்டுருங்க." மறுபடியும் கம்பம்.

போகிற வழியில் அண்ணன் கடையில் நுழைந்தேன். "டிஸ்க்கைக் கழட்டித் தந்துரட்டா? ரெண்டு நிமிஷ வேலை" என்றார். நான் அங்கிருந்தே பெங்களூர் பையனைக் கேட்டேன். "இல்ல சார், ஃபுல் செட்டா வரணும். இல்லேன்னா டெஸ்ட் பண்ண முடியாது. பாஸ்வேர்டும் ஒரு சீட்டுல எழுதி வச்சிருங்க" என்றான். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுதி வைத்தேன். பச்சை மையில், கொட்டை எழுத்தில், ஏலக்காய் சாம்பிள் அனுப்பும் அட்டைப் பெட்டிக்குள். கூரியர்காரர் "மதிப்பு எவ்வளவு போட?" என்று கேட்டபோது இன்சூரன்ஸ் காசு குறையட்டும் என்று 5,000 போடச் சொன்னேன்.

போர்டில் ஷார்ட் பார்க்க டிஸ்க் வேண்டியதில்லை. சரியானதும், விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரை வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு அவர்களே ஒரு டெஸ்ட் டிஸ்க் வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டுக்கு அங்கே வேலையே இல்லை. யாராவது ரெண்டையும் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

16ஆம் தேதி போன் வந்தது. "டயக்னோசிஸ் முடிஞ்சுது சார். வாட்டர் டேமேஜ். போர்டு போச்சு, மாத்தித்தான் ஆகணும்." வாட்சாப்பில் ஒரு போட்டோ. பச்சையாகத் துருப்பிடித்த ஒரு போர்டு. குமுளியில் ஜூலை மாதம் கழற்றி வைத்த செருப்பே பூஞ்சை பிடிக்கும், பெல்ட் பிடிக்கும், பீரோவில் இருக்கும் சட்டை பிடிக்கும். போர்டு பிடிக்காதா என்று நம்பிவிட்டேன். அந்தப் போட்டோவில் ரேம் போட இரண்டு இடம் இருக்கிறது, என் லேப்டாப்பில் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

10,000, மேலே 18 சதவீத வரி 1,800. மொத்தம் 11,800. வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்புங்கள் என்றால் இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் 1,500, கூரியர் 850. ஏழு நாளுக்கு மேல் அங்கே கிடந்தால் ஒரு நாளைக்கு 100. இலவசம் என்றீர்களே என்றேன். "டயக்னோசிஸ்தான் ஃப்ரீ சார், இது இன்ஸ்பெக்‌ஷன்" என்றான். அந்த வித்தியாசத்தை அவன் சொன்ன தெளிவில் எனக்கே ஒரு நிமிஷம் புரிந்ததுபோல இருந்தது.

கழுத்துக்கு மேல் 20ஆம் தேதி தொங்குகிறது. யூ.பி.ஐயில் கட்டினேன். கட்டும்போது திரையில் வந்தது கம்பெனி பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்துக்கொண்டேதான் பின் நம்பரை அடித்தேன்.

அப்புறம் போன் எடுப்பது நின்றுபோனது. பக்கத்து டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பென் டிரைவில் இருந்த ஜூன் 30 பேக்கப்பை வைத்துக்கொண்டு, ராத்திரி ரெண்டு மணி வரை வேலை பார்த்து 40 பேருக்குப் போட்டேன். மூன்று பேருக்குத் தாமதம். ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் லேட் ஃபீயை என் கையிலிருந்து கட்டினேன்.

29ஆம் தேதி பெட்டி வந்தது. ஆன் செய்தால் ஆனது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. புது விண்டோஸ், புல்வெளிபோலக் காலியான திரை. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இல்லை, ஃபோல்டர்கள் இல்லை. போன் போட்டால் அதிசயமாக எடுத்தான். "டிஸ்க் கரப்ட் ஆயிருந்துச்சு சார், ஃபார்மேட் பண்ணிட்டோம். அதுக்குத் தனியா சார்ஜ் போடல."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுநாள் கம்பம். அண்ணன் முதலில் திறக்கவில்லை. திருப்பிப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்க்ரூக்களைப் பார்த்தார். சிவப்புச் சொட்டு எதிலும் இல்லை, ரெண்டு ஸ்க்ரூவே இல்லை. மூடியைக் கழற்றினார். ரேமில் அவர் கையெழுத்து இல்லை. 16 இருந்த இடத்தில் 8. எஸ்.எஸ்.டி அதே 512 ஜி.பி.தான், ஆனால் வேறு கம்பெனி. தன் பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார். எனக்குப் போட்ட எஸ்.எஸ்.டியின் சீரியல் நம்பரைக் கார்பன் காப்பியில் நீலமாக எழுதி வைத்திருக்கிறார். உள்ளே இருந்தது அது இல்லை.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும். 21,000 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. என் டிஸ்க் 14 மாதமும் இரவு பகல் நிற்காமல் ஓடியிருந்தால்கூடப் பத்தாயிரத்துச் சொச்சம்தான் வரும். எந்த ஆபீசில் எத்தனை வருஷம் உழைத்துக் களைத்த டிஸ்க்கோ, எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, போர்டாவது புதிதா? அதுவும் இல்லை. பயாஸில் இருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாகவே இருந்தன. போர்டை மாற்றினால் பெரும்பாலும் அந்த இடம் காலியாகவோ வேறாகவோ இருக்கும் என்றார். இன்னொன்று, விண்டோஸ் உரிமம் போர்டோடு ஒட்டியது. வேறு டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போட்டும் அது தானே ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றால் பெரும்பாலும் போர்டு பழையதுதான். டார்ச் அடித்து ஓர் இடத்தைக் காட்டினார். எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துவிட்ட வெற்றிடம், சுற்றிலும் பற்றவைப்பு வேலைக்குத் தடவித் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் பிசுக்கு. வரிசையாக நாலைந்து இருக்கும் இடத்தில் ஷார்ட் ஆன ஒன்றை எடுத்துவிட்டாலே ஓடிவிடும். துரு எங்கேயும் கிடையாது. "வேலை தெரிஞ்சவன்தான் பார்த்திருக்கான். மனசுதான் சரியில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் பயம் பிடித்தது. 11,800 போனது போகட்டும். என் டிஸ்க் அவர்களிடம் இருக்கிறது. அதில் 43 பேரின் பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பிரவுசரில் சேமித்து வைத்த போர்ட்டல் பாஸ்வேர்டுகள். திறக்கும் சாவியை நானே பச்சை மையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் ஒவ்வொருவராகப் போன் செய்து, ஓ.டி.பி கேட்டு, பாஸ்வேர்டு மாற்றினேன். முழு உண்மையையும் சொல்லித்தான் மாற்றினேன். பெரும்பாலானவர்கள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மலஞ்சரக்குக் கடைக்காரர் மட்டும் அடுத்த மாதம் முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

பிறகுதான் பெங்களூர்க்காரர்களின் பில்லை ஒழுங்காகப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நாள் முழுக்க அடுத்தவர் பில்லைச் சலிப்பதே என் பிழைப்பு. ஜி.எஸ்.டி எண்ணில் 15 இடம். முதல் இரண்டு இடம் மாநில எண்: கேரளம் 32, தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. அடுத்த பத்தும் பான் எண். பானில் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி எண்ணில் ஆறாவது, கம்பெனி என்றால் சி, தனி ஆள் என்றால் பி. பில்லின் தலையில் பிரைவேட் லிமிடெட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, ஆறாவது எழுத்து பி. ஜி.எஸ்.டி தளத்தில் லாகின் இல்லாமலே யார் எண்ணையும் தேடலாம். தேடினேன். பதிவு ரத்து என்று வந்தது. அந்த 1,800 அரசாங்கத்துக்குப் போகவே போகாது. அனுப்பும் முன் ஒரே நிமிஷம் செலவழித்திருந்தால் போதும். பில் வரும்வரை எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அயச்சது கம்பத்து நிந்நல்லே?" என்றார். ஆமாம், அனுப்பியது தமிழ்நாடு. பறிகொடுத்தவன் கேரளம். எடுத்தவன் கர்நாடகம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சைபர் கிரைம் தளத்தில் டிஸ்க் விஷயத்தை எழுதி ஒப்புகைச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் வைத்தேன். அதற்குப் பெங்களூர்க்காரர்கள் பதில் அனுப்பினார்கள். வாடிக்கையாளர் பொருளைப் பெற்றுக்கொண்டுவிட்டார், தவிர இது வணிகப் பயன்பாடு என்பதால் அவர் நுகர்வோரே அல்ல என்று. சுயதொழில் செய்பவன் வயிற்றுப்பாட்டுக்காகப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அதே சட்டப்படி, வழக்குப் போடப் பெங்களூருக்கு ஓட வேண்டாம். நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் நானே தாக்கல் செய்தேன். பில், யூ.பி.ஐ ரசீது, வாட்சாப் போட்டோ, அண்ணனின் கார்பன் காப்பி, டிஸ்க் மணி நேரம் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இணைத்தேன். கம்பத்தில் கூரியர் போடும் முன் லேப்டாப்பை உள்ளும் புறமும் நாலு போட்டோ எடுத்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். வழக்கு நடக்கிறது.

தாக்கல் செய்த மறுவாரம் அதே பையன் கூப்பிட்டான். கூகுளில் அவர்களைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் 3,000 திருப்பித் தருகிறார்களாம். டிஸ்க் எங்கே என்றேன். "அதெல்லாம் ஸ்க்ராப்ல போயிருக்கும் சார்."

போன வாரம் போனில் மறுபடியும் ஒரு விளம்பரம். கடையின் பெயர் வேறு, நிறம் வேறு, ஊர் இப்போது கோயம்புத்தூர். நாங்கள் சரிசெய்தவை என்று ஒரு பக்கம் இருந்தது, தட்டினேன். மூன்றாவது படத்தில் அதே பச்சைத் துருப் போர்டு, அதே இரண்டு ரேம் இடம்.