யாழ்ப்பாணத்தில் இருந்து கோல்ப் ஆடப் போகிறீர்களா? "எல்லாம் உள்ளடக்கம்" என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து வான் பிடித்து, வழியில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, குறைந்த செலவில் நாலு மைதானங்களில் கோல்ப் ஆடிவிட்டு வரலாம் என்று ஒரு விளம்பரம் இப்போது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற எங்கட ஆட்களைக் குறிவைத்துத்தான் போடுகிறார்கள். நாங்கள் அதை நம்பிப் போய் நிறையக் காசு இழந்தோம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் எப்படிக் காசு பார்த்தார் என்பதை எழுதுகிறேன், இதே வேலையை இன்னொருவர் செய்ய வந்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

போனது நான், ரொறன்ரோவில் இருந்து வந்த பெரியப்பாவின் மகன், அக்காவின் கணவர் ஆகிய மூன்று பேர். அண்ணா அங்கே மாநகரசபை மைதானங்களில் சாதாரணமாக ஆடுகிறவர், நான் டுபாயில் வேலை செய்த காலத்தில் பழகினேன், அத்தானுக்கு இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது. எங்களில் யாரும் பணக்காரர் இல்லை. நம் நாட்டில் கோல்ப் என்றாலே கொழும்புத் துரைமாரின் விளையாட்டு என்றொரு எண்ணம் இருக்கிறது. 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கழகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் அநுராதபுரத்திலும் திருகோணமலைச் சீனன்குடாவிலும் விமானப்படையின் மைதானங்கள் இருக்கின்றன, நுவரெலியாவில் நகரத்தின் நடுவிலேயே பழைய மைதானம் இருக்கிறது, திகனப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் ஆடும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றில் ஆடுவது கட்டுப்படியாகிற காரியம்தான். அதனால்தான் இந்த மோசடி எனக்கு இவ்வளவு எரிச்சலைத் தருகிறது. மலிவாகக் கிடைக்கிற ஒன்றை நடுவில் ஒருவர் புகுந்து விலையேற்றி, அதற்கு மேலே "சலுகை" என்று ஒட்டி விற்கிறார்.

விளம்பரம் போட்ட ஏற்பாட்டாளர் ஆளுக்கு 85,000 ரூபாய் கேட்டார். வான், அறை, மைதானக் கட்டணம், மட்டைகள், கெடி (மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கிற உதவியாளர்), மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதற்குள் என்றார். முற்பணம் 50,000 வங்கியில் போட்டோம். தனித்தனியாக என்ன கணக்கு என்று அண்ணா கேட்டதற்கு, "அண்ணை, அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் பேசாமல் விளையாடிட்டு வாங்கோ" என்று குரல்பதிவு அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

விடிய நாலரைக்கு வருவதாகச் சொன்ன வான் ஏழு மணிக்குத்தான் வந்தது. கோல்ப் ஆடாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அநுராதபுர வெயிலில் பத்தரை மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினால் நாலாவது குழிக்கு முன்பே நாக்கு வரண்டுவிடும், முழு ஆட்டமான பதினெட்டுக் குழியை முடிப்பது என்ற பேச்சே இல்லை. கேட்டபோது, மைதானத்தில் நேரம் பதிவு செய்திருப்பதால் பிரச்சினை இல்லை என்றார் சாரதி. பதிவே செய்திருக்கவில்லை. படைமுகாம் சார்ந்த இடம், முன்கூட்டியே பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எல்லாம் கொடுத்து வைப்பதுதான் ஒழுங்கு, நாங்கள் வெறுங்கையோடு வாசலில் போய் நின்றோம். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே பேசி, யாருக்கோ தொலைபேசி எடுத்து, கடைசியில் உள்ளே விட்டார்கள். அவர்கள் நல்ல மனதோடு செய்த உதவியை "பாத்தீங்களா, என்ர செல்வாக்கு" என்று அந்த ஏற்பாட்டாளர் பிறகு தொலைபேசியில் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது மட்டைகள். மைதானத்திலேயே வாடகைக்கு எடுக்க முடியுமா என்று கேட்கக்கூட விடாமல், தானே மூன்று பைகள் வானில் ஏற்றி அனுப்பியிருந்தார். அத்தானின் பையைத் திறந்தால் ஏழாம் இலக்க இரும்பு மட்டை இரண்டு, பட்டர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுகிற மட்டை இல்லாமல் எப்படி ஆடுவது? எனக்குக் கிடைத்த பையில் கைப்பிடி றப்பர் எல்லாம் காய்ந்து இறுகிப்போய், வியர்வை பட்டதும் கரைந்து உள்ளங்கை முழுக்கக் கறுப்பாக ஒட்டியது. பெரிய மட்டையை ஆட்டிப் பார்த்தால் தலைக்குள் ஏதோ உடைந்து கிலுகிலுவென்று சத்தம் வந்தது. இந்தச் சாமானுக்குத்தான் பயணம் முடிந்து இறங்கும்போது "கீறல் விழுந்திருக்கு" என்று 12,000 ரூபாய் நட்டஈடு கேட்டார்கள். வாடகைக்கு எந்தச் சாமான் எடுத்தாலும் எடுக்கும்போதே கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அண்ணா முதல் நாளே எடுத்து வைத்திருந்தபடியால் அந்த 12,000 தப்பியது.

சாப்பாட்டில் நடந்தது இன்னும் மோசம். ஏ9 வீதியில் போகிறவர்களுக்குத் தெரியும், வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன, சுடச்சுடத் தோசையும் பிட்டும் குரக்கன் ரொட்டியும் சின்னக் காசுக்குக் கிடைக்கும். நிறுத்தச் சொன்னோம், நிறுத்தவில்லை. திருகோணமலையில் மீன்கறியோடு சோறு தருகிற ஒரு சின்னக் கடையைக் காட்டினேன், "அங்க சுத்தமில்லை" என்றார் சாரதி. கொண்டுபோய் இறக்கியது வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒரு பஃபே. ஆறிப்போன நூடில்ஸ், உறைப்பே இல்லாத கோழிக்கறி, வெட்டி வைத்த பப்பாளி. மத்தியானச் சாப்பாடு காசுக்குள் அடக்கம் என்ற ஏற்பாட்டாளர், அங்கே வைத்துக் கேட்டபோது "அது பார்சல் சாப்பாட்டுக்கு மட்டும்தான்" என்று கதையை மாற்றினார். பட்டியலில் 2,500 ரூபாய் என்று இருந்தது. அதற்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதையும் கூட்டி அதற்கு மேல் 18 வீதம் வற், ஆக ஒரு தட்டு 3,245 ரூபாய். சாரதி உள்ளே தனி அறையில் காசில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார், போகும்போது கவுண்டரில் ஒரு கடிதஉறையும் வாங்கினார். மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டத்துக்கும் இதே மாதிரி இழுத்துப் போனார்கள், நாங்கள் இறங்கவில்லை. சாரதிகளுக்கும் வயிறு இருக்கிறது, தரகு வாங்குவது இந்தத் தொழிலில் புதிதும் இல்லை. ஆனால் "வழியெல்லாம் உள்ளூர்ச் சாப்பாடு" என்று விளம்பரத்தில் போட்டுக் காசு வாங்கிவிட்டு உள்ளூர்க் கடையையே கண்ணில் காட்டாமல் ஓடுவது வேறு விஷயம்.

சீனன்குடாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஆடியதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை, கடந்து போகிறேன்.

கள்ளம் வெளியில் வந்தது விக்டோரியாவில். 1999இல் திறந்த மைதானம், ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் நக்கிள்ஸ் மலை, இந்தப் பயணத்துக்கு அண்ணா ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: எங்கள் பெயரில் இருந்த பதிவு ஒன்பது குழிக்கு மட்டும். எங்களிடம் வாங்கியது பதினெட்டுக் குழிக்கான காசு. ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டால், முதலில் கழகத்தின் பிழை என்றார், பிறகு பிற்பகலில் மழை வரும் என்பதால் எங்கள் நன்மைக்காகத்தான் குறைத்தேன் என்றார், அப்புறம் தொலைபேசியை நிறுத்திவிட்டார். மீதி ஒன்பதுக்கு நாங்களே காசு கட்டி ஆடினோம்.

அந்தத் திரையைப் பார்த்த பிறகு அண்ணா விடவில்லை. நுவரெலியாவுக்குப் போனதும் ஆட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் பற்றுச்சீட்டைக் கேட்டார். இதில் என்ன தெரிந்ததென்றால், அங்கே உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடிய கட்டணம். எனக்கும் அத்தானுக்கும் தேசிய அடையாள அட்டை இருக்கிறது, எங்கள் இருவருக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான் கட்டப்பட்டிருந்தது. எங்களிடம் மட்டும் மூன்று பேருக்கும் வெளிநாட்டுக் கட்டணம் கணக்கிட்டு வாங்கியிருக்கிறார். இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஊரில் இருப்பவர்களும் வெளியில் இருந்து வந்தவர்களும் கலந்து போகும்போது, அந்த விலை வித்தியாசம் முழுக்க நடுவில் நிற்பவரின் சட்டைப்பைக்குப் போகிறது. கழகத்தின் பற்றுச்சீட்டைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்று ஏன் அடம்பிடிக்கிறார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

நுவரெலியாவில் நடந்த இன்னொன்றை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை. 1889இல் ஸ்கொட்லாந்துச் சிப்பாய்கள் தொடங்கிய மைதானம் அது, மரங்களுக்கு நடுவில் ஒடுங்கிய பாதை, கடல் மட்டத்தில் இருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே காற்று மெல்லியது என்பதால் பந்து நாம் நினைப்பதைவிடத் தூரம் போய்விடும். எங்களுக்கு வந்த கெடி தோட்டத்துத் தமிழ்ப் பையன். எந்த அடிக்கு எந்த மட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அத்தான் காட்டுக்குள் அடித்த பந்துகளைப் பனியில் நனைந்த புல்லுக்குள் குனிந்து குனிந்து தேடி எடுத்து, ஈரத் துண்டால் துடைத்துக் கையில் தருவான். ஆட்டம் முடிந்து வானில் ஏறுகிறோம், பையன் போகாமல் நிற்கிறான், வாய் திறந்து கேட்கவும் இல்லை. "என்ன தம்பி?" என்று கேட்ட பிறகுதான், சாரதி தருவார் என்று சொன்னார்கள், சாரதியோ உங்களிடம் கேட்கச் சொல்கிறார் என்றான். கெடிக் காசு எங்களிடம் முழுவதுமாக வாங்கியாகிவிட்டது. நாலு மணித்தியாலம் பாரமான பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளையின் கூலியிலும் கை வைத்திருக்கிறார்கள். அநுராதபுரத்திலும் திருகோணமலையிலும் எங்களோடு நடந்தவர்களுக்குக் கொடுத்தார்களா என்று எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

அண்ணா அந்த இடத்திலேயே கூலியைக் கொடுத்தார். பையன்தான் எங்களைச் சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனான். கோதுமை ரொட்டி, கட்டைச் சம்பல், தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, வாய் சுடுகிற தேநீர். முழுப் பயணத்திலும் வயிறும் மனமும் நிறையச் சாப்பிட்டது அங்கேதான், எல்லாருக்கும் சேர்த்து வந்த கணக்கு அந்தப் பஃபேயின் ஒரு தட்டு விலையைத் தொடவில்லை.

சரி, இனி போகிறவர்கள் என்ன செய்யலாம்? மைதானத்தோடு நேரடியாகக் கதையுங்கள், ஆங்கிலத்தில் இரண்டு வரி மின்னஞ்சல் போதும். எத்தனை குழி, உள்நாட்டவருக்கு எவ்வளவு, மட்டை வாடகை, கெடிக் கூலி, கொலர் வைத்த சட்டை கட்டாயமா, வார இறுதியில் அங்கத்தவர் போட்டி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். காசை அங்கேயே கவுண்டரில் கட்டுங்கள். கெடியின் கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். வானுக்கு மட்டும் கிலோமீற்றர் கணக்கில் தனியாகப் பேசுங்கள், எங்கே சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம், அறை விலை ஏறிக் கிடக்கும், அந்த மாதத்தைத் தவிர்த்தால் நல்லது. கட்டாயம் ஒரு ஏற்பாட்டாளர் வேண்டும் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று 1912க்கு எடுத்துக் கேளுங்கள்.

பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரம் செய்கிறவரின் கடமை. ஏமாற்றப்பட்டால் மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும், அவர்களின் அவசர இலக்கம் 1977.

நாங்கள் எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் கூட்டிப் பார்த்ததில் ஆளுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் கணக்கில் இல்லை. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டோம். "வெளிநாட்டுக் காசுதானே, ஏன் இப்பிடி நிக்கிறியள்" என்று பதில் அனுப்பிவிட்டு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். அண்ணா அங்கே களஞ்சியசாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. முறைப்பாடு உள்ளே போயிருக்கிறது, குரல்பதிவும் வங்கிச் சீட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் கட்டியவர்கள் இருந்தால், வட்ஸ்அப் உரையாடலையும் வங்கிச் சீட்டையும் அழித்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், உங்களுடையதையும் அந்தக் கோவையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.