வை-ஃபைக்கான ஓர் எல்.டி.பி.சி. டிகோடர் கோர்: நினைவகத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

எங்கள் ஆய்வகத்தின் 802.11என் (வை-ஃபை தரநிலைகளில் ஒன்று) ஏற்பித் திட்டத்துக்காக உரிமம் பெற்று வாங்கிய எல்.டி.பி.சி. டிகோடர் கோரை, அதாவது எல்.டி.பி.சி. என்னும் பிழைதிருத்தக் குறிமுறையை அவிழ்க்கும் ஆயத்தச் சுற்று வடிவமைப்பை, நான்கு மாதங்களாக எஃப்.பி.ஜி.ஏ. (விரும்பியபடி மாற்றியமைக்கத்தக்க சிப்) பலகையில் இயக்கி வருகிறோம். இத்தகைய கோரை வாங்குவோர் விளம்பரத் தாளில் உள்ள வேகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் பார்த்தது நினைவகத்தை. ராபர்ட் கேலகர் 1960-இல் எம்.ஐ.டி. முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த இக்குறிமுறையை இன்று மின்-சம் (min-sum) என்ற எளிமையாக்கிய முறையில் அவிழ்க்கும்போது, கணக்கு என்பது கூட்டல், கழித்தல், மிகச் சிறியதைக் கண்டுபிடித்தல் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இடத்தையும் மின்சாரத்தையும் பெரிதும் விழுங்குவது, திரும்பத் திரும்பச் செய்யும் திருத்தத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மதிப்புகளை நினைவகத்திலிருந்து எடுப்பதும் வைப்பதும்தான்.

1944 பிட் சட்டகத்தில் (ஒரே தொகுதியாக அவிழ்க்கப்படும் பிட்டுகள்) 81 பிட்டுகள் ஒரே நேரத்தில் கையாளப்படுகின்றன. ஒவ்வொன்றும் 0-வா 1-ஆ என்பதை எவ்வளவு நம்பலாம் எனக் காட்ட 8 பிட் மதிப்பு என்றால் நினைவகத்தின் அகலம் 648 பிட், ஆழமோ வெறும் 24 வரி. இதை எஃப்.பி.ஜி.ஏ.வில் உள்ள ஆயத்த நினைவகத் தொகுதியான 36 கிலோபிட் பிளாக் ரேமில் அமைத்தால் 72 பிட் அகலத்தில் 9 பிளாக்குகள் தேவைப்படும். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள 512 வரிகளில் 24 மட்டுமே பயன்படும், நூற்றுக்கு ஐந்து பங்குகூட நிரம்பாது. இந்தக் கோரை வடிவமைத்தவர்கள் அந்த வீணடிப்பைத் தவிர்த்து, 32 வரி ஆழமுள்ள லுட் (LUT, சிப்பின் சிறு தர்க்க அலகு) நினைவகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 432 லுட்டுகளில் வேலை முடிந்துவிட, பிளாக் ரேம்கள் திட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கு மிஞ்சுகின்றன. இந்த ஒரு முடிவுக்காகவே அவர்களை மனமாரப் பாராட்டுவேன்.

குறிமுறையின் சரிபார்ப்பு அணியில் (matrix) ஒவ்வொரு நிரையும் ஒரு விதி; அது தன்னோடு இணைந்த பிட்டுகளுக்கு அனுப்பும் சரிபார்ப்புச் செய்திகளைச் சுருக்கி வைத்திருப்பதும் நேர்த்தியானது. 20 இணைப்புகள் கொண்ட ஒரு நிரைக்கு 6 பிட் செய்திகளை அப்படியே வைத்தால் 120 பிட் ஆகும். மிகச் சிறிய இரு மதிப்புகள் (5 பிட் வீதம்), முதலாவது இருக்குமிடம் (5 பிட்), 20 கூட்டல்-கழித்தல் குறிகள் என வைத்தால் 35 பிட் போதும். 648 பிட் சட்டகத்தில், பிட்டுகளை ஒரே நேரத்தில் கையாளும் 81 தடங்களில் 27 மட்டுமே உழைக்க, மற்றவை சும்மா கிடப்பது ஒரு குறை. மூன்று சட்டகங்களை அருகருகே வைத்திருக்கலாம்.

பெரிய குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. டிகோடர் அணியின் நிரைகளை ஒவ்வோர் அடுக்காகக் கையாள்கிறது; அடுத்தடுத்த இரு அடுக்குகள் அணியின் ஒரே நிரலைத் (column) தொடும்போது, முந்தைய அடுக்கு எழுதி முடிக்கும் வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். 5/6 விகிதத்தில் (சட்டகத்தின் ஆறு பங்கில் ஐந்து தரவு) நான்கே நிரைகள் இருப்பதால் ஏறக்குறைய எல்லா நிரல்களிலும் இந்த மோதல் உண்டு. 1/2 விகிதத்துக்கு நிரல்களின் வரிசையை அக்கறையோடு மாற்றியமைத்தவர்கள், 5/6-ஐ இருந்தபடியே விட்டுவிட்டார்கள். முதலில் எழுதி முடிக்கப்படும் நிரலை முதலில் வாசிக்குமாறு அட்டவணையை நாங்களே மாற்றிய பிறகுதான் வீண் காத்திருப்பு பெருமளவு குறைந்தது.

அதைவிட வருத்தம் தந்தது 648 பிட், 3/4 விகித அட்டவணை. அதில் ஓரிடத்தில் காத்திருப்பு ஒரு கடிகாரச் சுழற்சி (clock cycle) குறைவாக இருந்தது. எழுதப்படும் அதே சுழற்சியில் அதே முகவரி வாசிக்கப்பட்டதால் பழைய மதிப்பே வெளிவந்து, முந்தைய அடுக்கு சேர்த்த திருத்தம் அழிந்துபோனது. ஆனால் அந்த அடுக்கின் செய்தி மட்டும் தன் நினைவகத்தில் பத்திரமாக இருந்ததால், அடுத்த சுற்றில் சேராத ஒன்று கழிக்கப்பட்டது. டிகோடர் நின்றுபோகவில்லை, பெரும்பாலான சட்டகங்கள் சரியாகவே வந்தன. சிக்னல் தெளிவாக இருந்தபோதும் பிழை விகிதம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுத்ததே ஒரே அடையாளம். அலைவடிவங்களைச் சுழற்சி சுழற்சியாக வைத்துப் பார்த்து அந்த முகவரி மோதலைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின. முகவரி மோதினால் எச்சரிக்கும் ஒரு சிறு சோதனை வரி அவர்களது சோதனைத் தொகுப்பில் இருந்திருந்தால், முதல் நாளிலேயே இது பிடிபட்டிருக்கும்.

தகவல் தெரிவித்த வாரத்திலேயே திருத்திய அட்டவணையை அனுப்பினார்கள். 5/6-க்கான வரிசை மாற்றம் மட்டும் அதில் இல்லை. 1/2 விகிதத்தில் நீண்ட சட்டகங்களைக் கையாள்வோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். உயர் விகிதங்களை நம்பியிருப்போர், மூலக் குறியீட்டுடன் (source code) கூடிய உரிமத்தைக் கேட்டு, அட்டவணைகளைத் தாங்களே சரிபார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.